காலாவதியான மருந்து செத்த மருந்து அன்று

சில ஆண்டுகளுக்கு முன், நியூ ஜெர்சியில் ஒரு குளிர்கால மாலை. மணி ஐந்தரை இருக்கும். எங்கள் நான்கு வயது மகள் கையில் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவுடன் சமையலறைக்குள் வந்தாள். "அம்மா, இந்த மிட்டாய் கசக்கிறது" என்றாள். உதட்டில் இளஞ்சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது.

அந்த டப்பா என் தாயாருடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறு மாதம் எங்களுடன் தங்கிவிட்டுக் கும்பகோணம் திரும்பியபோது, மீதமிருந்த மாத்திரைகளை விட்டுச் சென்றிருந்தார். "அடுத்த முறை வரும்போது உதவும்" என்று அதை அலமாரியின் கீழ்த்தட்டில் எடுத்து வைத்தவர்கள் நாங்கள்தாம். பின்பு அப்படியொரு டப்பா இருப்பதையே மறந்துவிட்டோம்.

உடனே நச்சு உதவித் தொலைபேசி எண்ணை அழைத்தோம். மறுமுனையில் பேசியவர் பதற்றமின்றி நான்கு கேள்விகள் கேட்டார்: மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரைகள், குழந்தையின் எடை என்ன. எங்களால் கடைசிக் கேள்விக்கு மட்டுமே விடை சொல்ல முடிந்தது. டப்பாவுக்குள் இருந்தவை கடையில் கத்தரித்துக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள். பெயரும் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. கும்பகோணத்தில் அப்போது விடியற்காலை நான்கு மணி. தாயாரை எழுப்பிக் கேட்டபோது, "இளஞ்சிவப்பா? அது சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டது" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவ்வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. பெரியவருக்கு அளவாக அமையும் ஒரே மாத்திரை, சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்கிவிடும். மருத்துவமனைக்கு விரைந்தோம். "மருந்து காலாவதியாகி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும், ஆகையால் வலுவிழந்திருக்கும் அல்லவா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். "காலாவதியானது என்றால் செயலற்றுப் போனது என்று பொருளில்லை" என்றார். நள்ளிரவில் குழந்தையின் சர்க்கரை இறங்கத்தான் செய்தது. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிந்தபோது அவள் இட்லி கேட்டாள். எங்களுக்கு உயிர் வந்தது.

அந்த மருத்துவரின் விடைதான் இக்கட்டுரையின் கரு. நம் வீடுகளில் காலங்கடந்த மருந்துகளைப் பற்றி இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. ஒரு சாரார், தேதி கடந்த மறுநாளே மருந்து நஞ்சாகிவிடும் என்று அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார், அது வெறும் சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிவிட்டது. கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடுகின்றனர். இரண்டும் பிழை. பழைய மருந்து, தேவைப்படும் நோயாளிக்கு வலிமை போதாததாகவும், தேவையற்ற குழந்தைக்கு வலிமை மிகுந்ததாகவும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அட்டையில் அச்சிட்ட நாள் எதைச் சொல்கிறது?

அமெரிக்காவில் மருந்து உற்பத்தியாளர்கள் காலாவதி நாளை அச்சிட வேண்டும் என்ற விதி 1979ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அந்த நாளை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? மருந்தின் மாதிரிகளைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றில் மூலமருந்து எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து பார்க்கிறார்கள். பெரும்பாலான மருந்துகளில், சீட்டில் குறித்த அளவில் 90 விழுக்காடாவது இருக்க வேண்டும். எந்த நாள் வரை அவ்வளவு இருக்கும் என்று உற்பத்தியாளர் உறுதி கூறுகிறாரோ, அந்த நாளே காலாவதி நாள். அதாவது அது உற்பத்தியாளர் தரும் பொறுப்பின் எல்லை. பத்தாண்டு காத்திருந்து சோதித்து நீண்ட நாளைக் குறிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. எனவே பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே குறிக்கப்படுகின்றன.

மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால், அம்மாதத்தின் இறுதி நாள் வரை என்று கொள்ள வேண்டும்.

நம் ஊர் மருந்தகம் பழுப்புநிறப் புட்டியில் எண்ணிப் போட்டுத் தரும் மாத்திரைகளில் வேறொரு நாள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது மருந்தகம் குறிப்பது. உற்பத்தியாளரின் மூடிய புட்டியிலிருந்து வேறு புட்டிக்கு மாற்றிய பின் காற்றும் ஈரமும் படுவதால், வழக்கமாக ஓராண்டுக்கு மேற்படாமல் அந்த நாளைக் குறிக்கிறார்கள். இவ்விரண்டில் எது முந்தியதோ அதனையே நாம் கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து கொண்டுவரும் அட்டைகளில் தேதி ஒரு ஓரத்தில் மட்டுமே இருப்பதுண்டு. பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்து வாங்கினால் தேதி நம்மிடம் வருவதில்லை. ஆகவே ஊரில் மருந்து வாங்கும்போது முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். கத்தரித்த துண்டுதான் வேண்டுமென்றால் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒரு உறையின்மேல் எழுதி அதற்குள் போட்டு வையுங்கள்.

முன்னோர் வகுத்த வரம்பு

மருந்துக்கும் ஆயுள் உண்டு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவம் உள்மருந்துகளை 32 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை காலம் வலிமை இருக்கும் என்று வரையறுத்துள்ளது. குடிநீர் எனப்படும் கஷாயத்திற்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்திற்கு மூன்று மாதம். இளகத்திற்கும் நெய்க்கும் ஆறு மாதம். செந்தூரத்திற்கு 75 ஆண்டு. பற்பத்திற்கு 100 ஆண்டு. நீர் கலந்தது விரைவில் கெடும், உலர்ந்தது நாள்பட நிற்கும், நெருப்பில் புடமிட்டது நெடுங்காலம் நிற்கும் என்னும் ஒழுங்கு இதில் புலப்படுகிறது. இன்றைய வேதியியலும் நீரைத்தான் மருந்தின் முதற்பகை என்கிறது. ஊரிலிருந்து வந்த லேகியப் புட்டி குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் மூன்றாண்டாக இருக்குமானால், நம் முன்னோரின் கணக்குப்படியே அது கழிக்க வேண்டியதாகும்.

தேதி கடந்தால் நஞ்சாகுமா?

இதற்கு விடை காணும் வாய்ப்பு அமெரிக்கப் படைத்துறையால் கிட்டியது. போர்க்காலத்திற்கெனச் சேமித்து வைத்திருந்த மருந்துகள் தேதி கடந்ததால் பெருந்தொகையில் வீணாகிக்கொண்டிருந்தன. அவற்றைச் சோதித்து ஆயுளை நீட்டிக்க இயலுமா என்று அறிய, உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் துணையுடன் 1986இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் முடிவுகள் 2006இல் ஓர் ஆய்விதழில் வெளியாயின. 122 வகை மருந்துகளின் 3,005 தொகுதிகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 88 விழுக்காடு, குறித்த நாளுக்குப் பின்னும் குறைந்தது ஓராண்டு நல்ல நிலையில் இருந்தன. நீட்டித்த காலத்தின் சராசரி 66 மாதங்கள்.

2012இல் கலிஃபோர்னியா நச்சுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேர்ந்த லீ கான்ட்ரெலும் அவர்தம் குழுவினரும் மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். ஒரு மருந்துக்கடையின் பின்புறத்தில் திறக்கப்படாமல் கிடந்த, 28 முதல் 40 ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியான மருந்துகளை அவர்கள் சோதித்தனர். அவற்றில் இருந்த 14 மூலமருந்துகளில் 12, குறித்த அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தன. குறைந்துபோன இரண்டில் ஒன்று ஆஸ்பிரின்.

இவற்றைப் படித்ததும், "அப்படியானால் பழைய மாத்திரைகளை உட்கொள்ளலாமே!" என்று முடிவு செய்துவிடக் கூடாது. சோதித்தவை யாவும் திறக்கப்படாத கலங்களில் இருந்தவை. படைத்துறையின் மருந்துகள் வெப்பமும் ஈரமும் அளவாக உள்ள கிடங்கில் காக்கப்பட்டவை. மேலும், ஒரே மருந்தின் ஒரு தொகுதி நெடுநாள் நின்றது. இன்னொரு தொகுதி அவ்வாறு நிற்கவில்லை. எது நிற்கும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே அறிந்தனர். நம் அலமாரியில் கிடக்கும் புட்டியை எவரும் அளந்து பார்க்கப்போவதில்லை.

தேதி கடந்த மருந்து நஞ்சானதற்கு மருத்துவ உலகம் எடுத்துக்காட்டும் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியின் பழைய மாத்திரைகளை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 1963இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் செய்தி வந்தது. அக்கால மாத்திரையில் சேர்த்திருந்த ஒரு துணைப்பொருளும் கேட்டிற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. பின்னர் அச்சேர்மானம் மாற்றப்பட்டது. பெரும்பாலான மருந்துகள் நஞ்சாக மாறுவதில்லை. மெல்ல மெல்ல வலுவிழக்கின்றன. ஆனால் சில மருந்துகளில் வலுவிழத்தலே உயிருக்கு இறுதியாகிவிடும்.

எவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது?

நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எளிதில் ஆவியாகக்கூடியது. ஆகையால் அதனைக் கண்ணாடிப் புட்டியிலேயே, இறுக மூடி வைக்க வேண்டும். அதனை அழகிய சிறு டப்பாவுக்கு மாற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தாத்தாக்கள் பலர் உளர். நெஞ்சு வலிக்கும் நேரத்தில் அந்த டப்பாவில் மாத்திரையின் உருவம் இருக்கும், மருந்து இராது.

நிலக்கடலை போன்ற ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பள்ளிப்பையில் எடுத்துச்செல்லும் எபிநெஃப்ரின் ஊசி காலப்போக்கில் வலுவிழக்கும். அதன் சாளரத்தின் வழியே பாருங்கள். உள்ளிருக்கும் நீர் பழுப்பேறியிருந்தாலும் கலங்கியிருந்தாலும் புதியது வாங்க வேண்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: மூச்சு முட்டும் அவசர வேளையில் கையில் இருப்பது பழைய ஊசி மட்டும்தான் என்றால், ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட அதனைப் பயன்படுத்தி உடனே 911 எண்ணை அழைப்பதே மேல் என்பது மருத்துவர்களின் அறிவுரை.

இன்சுலினைத் திறக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் 36 முதல் 46 பாரன்ஹீட் வரையிலான குளிரில் வைக்க வேண்டும், உறைந்துபோகவும் விடக்கூடாது. திறந்தபின் பெரும்பாலான வகைகள் 28 நாட்களுக்கே உரியவை. அட்டையில் அச்சிட்ட நாள் இன்னும் ஓராண்டு தள்ளி இருந்தாலும் இந்த 28 நாள் கணக்கே செல்லும்.

குழந்தைகளுக்கு மருந்தகத்தில் நீர் கலந்து தரும் அமாக்சிசிலின் திரவத்தின் ஆயுள் 14 நாட்கள். கண்ணில் விடும் சொட்டுமருந்துகளில் வலிமையைவிடத் தூய்மையே முதன்மை. திறந்த பழைய புட்டியில் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கலாம். தைராய்டு, வலிப்பு, இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கான மருந்துகளில் அளவு சிறிது பிறழ்ந்தாலும் உடல் தடுமாறும். இவை யாவற்றிலும் தேதியை ஒரு நாளும் மீறக்கூடாது.

ஆஸ்பிரின் புட்டியைத் திறந்ததும் புளிக்காடியின் வாடை வீசினால் அது சிதைந்துவிட்டது என்று அறியலாம். ஈரம் பட்ட ஆஸ்பிரின் பிரிந்து அசிட்டிக் அமிலம் வெளிப்படுவதே அவ்வாடைக்குக் காரணம். இவ்வாறு தன் கேட்டைத் தானே அறிவிக்கும் மருந்துகள் மிகச் சில. மற்றவை நிறம் மாறாமல், மணம் மாறாமல், உள்ளே மட்டும் தேய்கின்றன.

மருந்துப் பெட்டி எங்கே இருக்க வேண்டும்?

குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னுள்ள அலமாரியை இந்நாட்டில் மருந்து அலமாரி என்றே அழைக்கின்றனர். உண்மையில் மருந்துக்கு அதைவிடத் தகாத இடம் அரிது. ஒவ்வொரு வெந்நீர்க் குளியலின்போதும் அங்கே நீராவி நிறைகிறது. நம்மவர் சமையலறையில் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் அத்தகையதே. காலையும் மாலையும் அங்கே ஆவியும் அனலும் ஏறுகின்றன. பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஏற்றது 68 முதல் 77 பாரன்ஹீட் வரையிலான வெப்பம். வெப்பம் மிக மிக வேதிச்சிதைவின் விரைவும் பெருகும். டெக்சஸ் கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 120 பாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். பயணத்திற்கென்று காரின் அறைக்குள் ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் மாத்திரைகள், தேதி கடக்கும் முன்னரே முதுமை எய்திவிடும்.

படுக்கையறையில் அல்லது கூடத்தில் உயரமான, உலர்ந்த, பூட்டக்கூடிய அலமாரி ஒன்றே போதும். பிள்ளையின் கை எட்டாத உயரம் என்பதோடு, நாற்காலி போட்டு ஏறினாலும் திறக்க முடியாதபடி பூட்டும் வேண்டும்.

வெளியூரிலிருந்து வரும் மருந்துகள்

அமெரிக்காவில் 1970இல் நிறைவேறிய நச்சுத் தடுப்புச் சட்டத்தின் பயனாக, இங்கே பெரும்பாலான மருந்துப் புட்டிகளின் மூடிகள் சிறுவர்களால் எளிதில் திறக்க முடியாதபடி அமைந்துள்ளன. மூட்டுவலியுள்ள பாட்டிக்கும் அவை திறக்க வருவதில்லை! எனவே பாட்டி தம் மாத்திரைகளை வாரநாட்கள் எழுதிய பிளாஸ்டிக் பெட்டிக்கோ, வெற்றிலைச் செல்லம்போன்ற டப்பாவுக்கோ மாற்றிக்கொள்கிறார். இந்திய அட்டைகளை ஒரு விரலால் அழுத்தினால் மாத்திரை வெளிவந்துவிடும். பெற்றோர் வந்து தங்கும் ஆறு மாதங்களில் வீட்டின் மருந்துப் பாதுகாப்பு இவ்வாறு தளர்கிறது. இதில் பெரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கென ஒரு பூட்டும் அலமாரியை ஒதுக்கித் தருவது நம் கடமை. அவர்கள் ஊர் திரும்பும்போது, மீதமுள்ள மருந்துகளையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். அல்லது அன்றே கழித்துவிடுங்கள்.

ஒரே மருந்து இரு நாடுகளில் இரு பெயரில் வழங்குவதும் ஒரு சிக்கல். நம் ஊர்ப் பாராசிட்டமாலும் இங்குள்ள அசிட்டமினோஃபெனும் ஒன்றே. க்ரோசின், டோலோ, டைலனால் ஆகியவற்றின் உள்ளே இருப்பது அதுதான். காய்ச்சலுக்குப் பழைய டப்பாவிலிருந்து ஒன்றும், புதிய புட்டியிலிருந்து ஒன்றுமாக எடுத்துக்கொண்டால் இரட்டிப்பு அளவாகிவிடும். நலமுள்ள பெரியவர்க்கும் ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராமே உச்ச எல்லை. அதனை மீறினால் கல்லீரல் கெடும். பெயர் தெரியாத மாத்திரை வீட்டில் இருக்கவே கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதமான நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் பத்து நாளைக்குக் கொடுத்ததை ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டு, எஞ்சியதை அடுத்த தொண்டைவலிக்கென்று பாதுகாக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அடுத்த தொண்டைவலி வேறு காரணத்தால் வந்திருக்கலாம். அரைகுறை அளவில் உண்ணும் மருந்து கிருமிகளை அழிக்காமல், மருந்தையே எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்கிவிடும்.

எங்கே கழிப்பது?

கழிப்பறையில் கொட்டி நீரை விடுவதே பலருக்குத் தெரிந்த வழி. அது எங்கே சென்று சேர்கிறது? 1999, 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 30 மாநிலங்களில் 139 நீரோடைகளைச் சோதித்தது. அவற்றில் 80 விழுக்காட்டில் மருந்துகள், இயக்குநீர்கள் முதலிய பொருள்களின் எச்சம் காணப்பட்டதாக 2002இல் அறிவித்தது. மனித உடல் வழியே கழிவதும் இதில் சேர்ந்ததே என்றாலும், நாம் வேண்டுமென்றே கொட்டுவதைத் தவிர்க்கலாம் அல்லவா? கழிவுநீர் நிலையங்கள் மருந்தைப் பிரித்தெடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

இதற்கு ஒரு நல்வழியை முன்னெடுத்ததில் நம் நியூ ஜெர்சிக்குப் பங்குண்டு. 2009 நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாநிலம் முழுவதும் காவல் நிலையங்களின் துணையோடு வீட்டு மருந்துகளைத் திரட்டும் நாள் நடத்தப்பட்டது. மறு ஆண்டு 2010 செப்டம்பர் 25 அன்று, மத்திய போதைமருந்துத் தடுப்பு நிர்வாகம் அதனை நாடு தழுவிய நாளாக நடத்தியது. அன்று ஒரே நாளில் 121 டன் மருந்துகள் திரண்டன. அது முதல் ஆண்டுக்கு இரு முறை, பெரும்பாலும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில், இந்நாள் நடைபெற்றுவருகிறது. பெயர், முகவரி எதுவும் கேட்பதில்லை. நியூ ஜெர்சியில் 2011 முதல் பல காவல் நிலையங்களில் நிலையான சேகரிப்புப் பெட்டிகளும் வைக்கப்பட்டுள்ளன.

வளைகுடாப் பகுதியின் கதை இன்னும் சுவையானது. ஃப்ரீமாண்ட் முதலிய நகரங்களை உள்ளடக்கிய அலமேடா கவுண்டி, 2012இல் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. மருந்தை விற்று வருவாய் ஈட்டும் உற்பத்தியாளர்களே, மீதமான மருந்தைத் திரட்டி அழிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அச்சட்டம். நாட்டிலேயே இத்தகைய முதல் உள்ளூர்ச் சட்டம் இதுவே. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் ஒரு கவுண்டி தலையிடலாகாது என்று மருந்து நிறுவனங்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2014இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்ததால் சட்டம் நிலைபெற்றது. சான் பிரான்சிஸ்கோ, சாண்டா கிளாரா முதலிய அண்டைப் பகுதிகளும் அதனைப் பின்பற்றின. 2018இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுமைக்கும் இதே கொள்கையில் சட்டம் வந்தது. ஒரு கவுண்டி தொடங்கிய முயற்சி ஆறே ஆண்டுகளில் மாநிலச் சட்டமாயிற்று. ஊர் மன்றக் கூட்டங்களில் நாமும் சென்று பேசுவது வீணன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

மருந்தகங்களும் சேகரிப்புப் பெட்டி வைக்கலாம் என்று மத்திய அரசின் விதி 2014இல் அனுமதித்தது. டெக்சஸ் உட்பட எம்மாநிலத்தில் வாழ்பவரும் தம் மருந்தகத்தில் முதலில் இதனைக் கேட்டறியலாம். ஊசிகளைப் பெரும்பாலான பெட்டிகள் ஏற்பதில்லை. அவற்றுக்குக் கெட்டியான தனிக்கலம் வேண்டும்.

அருகில் பெட்டி எதுவும் இல்லையெனில், உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூறும் வழி இது. மாத்திரைகளைப் பொடியாக்காமல், எவரும் உண்ண விரும்பாத ஒரு பொருளுடன் கலக்க வேண்டும். அவர்கள் பரிந்துரைப்பவற்றுள் ஒன்று, காபி வடித்த சக்கை. அதற்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை! கலந்ததை நெகிழிப்பையில் இட்டு மூடிக் குப்பையில் சேர்க்கலாம். புட்டியின் மேலுள்ள பெயர், எண் ஆகியவற்றை அழித்துவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் கடுமையான வலிநீக்கி மருந்துகள் சில மட்டும் இதற்கு விலக்கு. ஒரே ஒரு மாத்திரையோ ஒட்டுப்பட்டையோ உயிரைப் பறிக்கும் ஆற்றல் உடையதாதலால், சேகரிப்புப் பெட்டி கிட்டாதபோது அவற்றை உடனே கழிப்பறையில் விட்டுவிடுமாறு அந்நிர்வாகமே தனிப்பட்டியல் வெளியிட்டுள்ளது. இளைஞர் கைக்கு இவை எட்டிவிடும் அபாயத்தைக் கல்லூரிப் பருவப் பிள்ளைகளின் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பலாமா?

"இங்கே எறிவதை ஊரில் ஓர் ஏழைக்குக் கொடுக்கலாமே" என்று நல்லுள்ளம் கொண்ட பலர் கேட்பதுண்டு. இந்த இரக்கம் போற்றத்தக்கது; வழிதான் தவறு. 1992 முதல் 1996 வரை போரால் துன்புற்ற போஸ்னியாவுக்கு உலகெங்கிலுமிருந்து மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் ஏறத்தாழ 17,000 டன் பயன்படாதவை என மதிப்பிடப்பட்டது. அவற்றை அழிப்பதே அந்நாட்டிற்குத் தனிச்சுமை ஆயிற்று. 1996இல் உலக நலவாழ்வு நிறுவனம் மருந்துக் கொடைக்கு நெறிமுறைகளை வகுத்தது. நோயாளிக்குக் கொடுத்து மீண்ட மருந்தை வழங்கலாகாது. சென்று சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் எஞ்சியிருக்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். நம் குழந்தைக்குக் கொடுக்கத் தயங்குவதைப் பிறர் குழந்தைக்கு அனுப்புதல் தகாது. அத்தொகையை அங்குள்ள ஒரு நல்ல மருத்துவமனைக்கு அளித்தால் அவர்களே புதிய மருந்து வாங்குவர்.

போகியன்று ஒரு மணி நேரம்

நம் பொங்கல் விழாவுக்கு முதல் நாள் போகி. வேண்டாத பழையவற்றைக் கழிக்கும் நாள். இனி ஆண்டுதோறும் அந்நாளில், குடும்பத்தினர் அனைவரும் கூடி மருந்துப் பெட்டியைத் திறக்கும் வழக்கத்தை மேற்கொள்வோம். பழைய மருந்தைப் போகித் தீயில் இடக்கூடாது. அதன் புகையும் தீங்கு. ஒரு பையில் கட்டி, சேகரிப்புப் பெட்டிக்குக் கொண்டு செல்வோம்.

மாணவச் செல்வங்களே! இதில் உங்களுக்கும் ஒரு பணி உண்டு. பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, புட்டிகளின் தேதியைப் படித்துச் சொல்லுங்கள். மருந்தை நீங்கள் தொட வேண்டாம், படித்தால் போதும். ஊரிலிருந்து பாட்டி, தாத்தா வந்திருந்தால், அவர்களின் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்: மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, காலையா இரவா, எந்த மாதம் வரை. இப்பள்ளியில் நீங்கள் கற்ற எழுத்துக்கு அதைவிட நல்ல பயன் வேறு என்ன இருக்க முடியும்? ஆங்கில அச்சைப் படிக்க இயலாமல் நிறத்தைக் கொண்டே மாத்திரையை அடையாளம் காணும் ஒரு பாட்டிக்கு, உங்கள் கையெழுத்து ஒரு விளக்காகும்.

பெற்றோர்களே! 1-800-222-1222 என்னும் நச்சு உதவி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்றே எழுதி ஒட்டுங்கள். இரவும் பகலும், நாட்டின் எப்பகுதியிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். குழந்தை மயங்கிக் கிடந்தாலோ மூச்சுத் திணறினாலோ 911.

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகைப் பகுதிகளை எண்ணிக் காட்டுகிறார். முதல் மூன்றும் நம் கையில் இல்லாமல் போகலாம். நான்காவதாக நிற்பவர் ஒவ்வொரு வீட்டிலும் மருந்துப் பெட்டியைக் காப்பவரே. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நாங்கள் மறந்திருந்தோம். அந்த எவர்சில்வர் டப்பா இன்றும் எங்களிடம் உள்ளது. இப்போது அதில் ஏலக்காய் இருக்கிறது.